டீ நிறத் தண்ணீர்: டீசல் மெக்கானிக்கின் முதல் பெரிய வேலை

காலை ஏழு மணி. கோவை சத்தி ரோட்டோரப் பட்டறை வாசலில் ஆறு சக்கர லாரி ஒன்று நிற்கிறது. முந்தின நாள் திம்பம் மலை ஏறி இறங்கி வந்த வண்டி. ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து காட்டுகிறார் டிரைவர். "தண்ணி பூரா டீ மாதிரி இருக்குதுங்க." மேலே ஆடை படிந்தது போல ஒரு பழுப்புப் படலம். விரலால் தொட்டால் வழுக்குகிறது.

ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருடம் ஹெல்ப்பராக இருந்த எவருக்கும் பதில் நுனி நாக்கில் நிற்கும்: "ஆயில் கூலர் போயிருச்சுங்ணா. மாத்திட்டாச் சரியாயிரும்." பெரும்பாலும் அது சரியான பதில்தான். ஆனால் கூலரைக் கழற்றி மாட்டுவது அரை நாள் வேலை. அது ஏன் போனது, போகும்போது எதையெல்லாம் கெடுத்துவிட்டுப் போனது என்று தேடிப் பார்ப்பதில்தான் தொழில் இருக்கிறது. டீசல் மெக்கானிக் ஆக வேண்டும் என்று காந்திபுரத்துக்குப் பஸ் ஏறி வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: ஆயில் கூலர் மாற்றுவதை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள். எண்ணெய், தண்ணீர், சூடு, அழுத்தம் என்று இன்ஜினின் பாதிப் பாடம் அந்த ஒரு வேலைக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தத் தொழிலுக்கு இந்த ஊர் பொருத்தமான பள்ளிக்கூடம். டவுன் பஸ் நிலையம், மத்தியப் பேருந்து நிலையம், விரைவுப் பேருந்து நிலையம், ஆம்னி பஸ் நிலையம் எல்லாம் காந்திபுரத்தில் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. உள்ளே வந்து போகும் டீசல் பஸ்களின் இன்ஜினும் லாரி இன்ஜினும் ஒரே குடும்பம். நஞ்சப்பா ரோட்டிலும் சத்தி ரோட்டிலும் ஸ்பேர்ஸ் கடைகள். லாரிகளுக்கு உக்கடம் லாரிப்பேட்டை. 1920-ல் ஜி.டி. நாயுடு ஒற்றைப் பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தாமே ஓட்டிய சீமை இது. அதற்கு முன் அவர் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பூட்டித்தான் இன்ஜினைப் படித்தார். பிரித்துப் பார்த்துக் கற்பது இந்த ஊரில் பழைய வழக்கம்.

கூலருக்குள் என்ன நடக்கிறது

பிஸ்டனுக்கு அடியிலும் பேரிங்குகளிலும் டர்போவிலும் ஓடித் திரும்பும் ஆயில் அங்கிருக்கும் சூட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீரிடம் ஒப்படைக்கிற இடம்தான் கூலர். பெரும்பாலான லாரி இன்ஜின்களில் அது பிளாக்கின் பக்கவாட்டில், ஒரு மூடிக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் அறைக்குள் முங்கியபடி உட்கார்ந்திருக்கும். மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டிய ஒரு பெட்டி. தகட்டுக்கு உள்ளே ஆயில், வெளியே கூலன்ட். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர், அவ்வளவுதான்.

அந்தச் சுவரில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? இங்கேதான் யோசிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 பார் வரை இருக்கும். தண்ணீர்ப் பக்கம் ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கும் அழுத்தம் சுமார் 1 பார். ஆகவே ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். இன்ஜினை அணைத்ததும் ஆயில் பிரஷர் பூஜ்யமாகிவிடும். சூடாக இருக்கும் தண்ணீருக்கோ அழுத்தம் இன்னும் கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும். இப்போது தண்ணீர் ஆயிலுக்குள் கசியும். ஒரே ஓட்டை, வண்டி ஓடும்போது ஒரு திசை, நின்ற பிறகு மறு திசை. நீளமாக ஓடுகிற வண்டியில் ரேடியேட்டர் முதலில் டீ நிறம் ஆவதும், நின்று நின்று ஓடுகிற வண்டியில் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலும் தண்ணீர் சேர்வதும் இதனால்தான். இதைப் படம் போட்டு விளக்கத் தெரிந்தால் எந்த நேர்முகத் தேர்வுக்கும் தைரியமாகப் போகலாம்.

கழற்றும் முன் பத்து நிமிடம்

எண்ணெயும் தண்ணீரும் கலந்த வண்டியெல்லாம் கூலர் கெட்ட வண்டி இல்லை. ரேடியேட்டரில் ஆயில் இருக்கிறதா, சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா, இரண்டும் உண்டா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் சம்ப் பிளக்கைக் காலையில் மெல்லத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் கனம், அடியில் தங்கியிருக்கும். ஆயில் வருவதற்கு முன் தண்ணீர் சொட்டினால் விஷயம் உறுதி.

ரேடியேட்டர் சுத்தமாக இருந்து, சம்ப்பில் மட்டும் தண்ணீர் இருந்தால் கூலர் மேல் உடனே பழி போடாதீர்கள். தண்ணீர் நேரடியாகத் தொடும் லைனர் கொண்ட இன்ஜினாக இருந்தால் லைனரின் ஓ-ரிங்கைச் சந்தேகியுங்கள். ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் பக்கம் பாருங்கள். ஆனால் ஹெட்டைத் தூக்கும் முன் ஏர் கம்ப்ரஸரையும் சோதியுங்கள். பிரேக்குக்குக் காற்று அடிக்கும் அந்தக் கம்ப்ரஸரின் தலையையும் பல வண்டிகளில் இதே தண்ணீர்தான் குளிர்விக்கிறது. அதன் கேஸ்கட் போனாலும் ரேடியேட்டரில் குமிழி வரும். கம்ப்ரஸரில் தீர வேண்டிய வேலைக்கு இன்ஜின் ஹெட்டை இறக்கிய பட்டறைகள் உண்டு. ஓனரின் பணமும் போகும், பட்டறையின் பேரும் போகும்.

குமிழி இல்லை, வெள்ளைப் புகை இல்லை, தண்ணீரில் ஆயில் மிதக்கிறது என்றால் கூலரைக் கழற்றலாம்.

கழற்றுவதும் மாட்டுவதும்

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவசரத்தில் முகத்தையும் கையையும் பொசுக்கிக்கொண்டவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. ஓனர் பக்கத்தில் நின்று மணி பார்த்தாலும் இன்ஜின் ஆறட்டும். சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். ஸ்டார்ட்டர் பக்கம் கை போகும் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, இன்ஜினின் அந்தப் பக்கத்தை வெளியே நன்றாகக் கழுவித் துடையுங்கள். கூலர் மூடியைத் திறந்ததும் தெரிவது பேரிங்குக்குப் போகிற ஆயில் வழி. ரோட்டு மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் கிராங்க்குக்கு ஆபத்து. ரேடியேட்டரிலிருந்து மட்டும் தண்ணீரை இறக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். பிளாக்கில் இருக்கும் பிளக்கையும் திறந்து முழுதாக வடியுங்கள். இல்லையென்றால் மூடியைத் தளர்த்தியதும் தேங்கியிருந்த தண்ணீர் நேராக ஆயில் வழிக்குள் பாயும்.

ஆயிலை வடித்து, பில்டரைக் கழற்றி, டர்போவுக்குப் போகும் ஆயில் பைப் அங்கிருந்து கிளம்பினால் அதையும் எடுத்து வாயைக் கட்டிவையுங்கள். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, மூடியின் உருவத்தை அதில் வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி நிறுத்துங்கள். செலவில்லாத பழக்கம். பத்து வருட அனுபவசாலியும் இதைச் செய்கிறார்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது துளைகளில் சுத்தமான துணி அடைத்துக்கொள்ளுங்கள். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கழற்றிய கூலரைக் குப்பையில் வீசுவதற்கு முன் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் மேனுவல் சொல்லும் அளவுக்குக் காற்று கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் நோய் உறுதி. ஓனரைக் கூப்பிட்டு நேரில் காட்டலாம். குமிழி வரவில்லையென்றால் வேலையை அதோடு நிறுத்திவிட்டு மறுபடி தேட வேண்டும். கூச்சம் வேண்டாம். தவறான பாகத்தை மாட்டி அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு விதிவிலக்கு: பேரிங் உருகி இன்ஜின் பிடித்துப்போன வண்டி என்றால், கூலர் கசியாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும். உலோகத் தூள் தகடுகளுக்கு நடுவே சிக்கியிருக்கும். எப்படிக் கழுவினாலும் முழுதாக வராது. புதிதாகக் கட்டிய இன்ஜினுக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

புதுக் கூலரை மாட்டும் முன் அதன் ஆயில் வாய்களைப் பாருங்கள். தூசி புகாமல் இருக்கப் பல கம்பெனிகள் பிளாஸ்டிக் அடைப்பான் வைத்து அனுப்புகின்றன. நான் பழகிய பட்டறை ஒன்றில் ஒரு பையன் அதை எடுக்காமலே மாட்டிவிட்டான். நல்ல பையன், அக்கறையாக வேலை செய்பவன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு அவசரம். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் முள் அசையவே இல்லை. மேஸ்திரி எங்கிருந்தோ ஓடிவந்து ஸ்டாப் கேபிளை இழுத்தார். இன்னும் ஒரு நிமிடம் ஓடியிருந்தால் கிராங்க் போயிருக்கும். அன்று முதல் அந்தப் பட்டறையில் புதுக் கூலரின் அடைப்பான்களை மேஸ்திரி கையில் கொடுத்த பிறகுதான் மூடி பூட்டுவார்கள்.

கேஸ்கட் எப்போதும் புதிது. அதன் மேல் தாராளமாக சிலிக்கான் பூசுவது நம் பட்டறைகளில் நிற்காத பழக்கம். மேனுவல் சொல்லாத இடத்தில் வேண்டாம். போல்ட்டை இறுக்கும்போது உள்ளே பிதுங்கும் சிலிக்கான் புழு மாதிரி அறுந்து, ஆயிலோடு போய்ச் சிறு துளைகளை அடைக்கும். பிஸ்டனுக்கு அடியில் ஆயிலைப் பீய்ச்சும் ஜெட் ஒன்று அடைத்தால் அந்தப் பிஸ்டனின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச் வைத்து அந்த இன்ஜினின் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். கை அளவு எல்லோருக்கும் ஒன்றில்லை. சம்பளம் வாங்கத் தொடங்கியதும் நீங்கள் சொந்தமாக வாங்க வேண்டிய முதல் கருவி டார்க் ரெஞ்ச்தான்.

பாதி வேலை இதற்குப் பிறகுதான்

மூடி பூட்டியாயிற்று. இங்கே நிறுத்தினால் வண்டி ஒரு மாதத்தில் திரும்பி வரும். கூலன்ட் ஓடும் வழி முழுக்க ஆயில் பூசியிருக்கிறது. ரேடியேட்டரின் குழாய்களில் அந்தப் படலம் இருக்கும் வரை சூடு இறங்காது. நுரைக்காத சுத்திகரிப்பு மருந்து ஊற்றி, இன்ஜினைச் சூடேற்றி, தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் எல்லாப் பக்கமும் சுற்றிய பிறகு வடியுங்கள். ஒரு தடவை போதாது. வெளியே வரும் தண்ணீர் தெளிகிற வரைக்கும் செய்ய வேண்டும். ரப்பர் ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். ஆயில் பட்டால் ரப்பர் உப்பி மெத்தென்று ஆகிவிடும். அப்படி இருப்பதை மாற்றச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

சம்ப்பில் தண்ணீர் கலந்திருந்தால் கதை இன்னும் நீளம். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் பேரிங்கை அரிக்கும். புது ஆயில், புது பில்டர் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி புதிது ஊற்ற வேண்டும். எத்தனை நாள் கலந்த ஆயிலோடு ஓடியது என்று டிரைவரிடம் கேளுங்கள். நாள் அதிகம் என்றால் ஒரு பேரிங் மூடியைக் கழற்றிப் பார்ப்பதுதான் நேர்மை.

முதல் ஸ்டார்ட்டிலும் அவசரம் கூடாது. நிமிர்ந்து நிற்கும் பில்டர் என்றால் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். டீசலை நிறுத்திவைத்துவிட்டு, பிரஷர் முள் எழும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். வறண்ட டர்போவைத் திடீரென்று ஓட்டினால் அதன் தண்டு சில நொடிகளில் தேய்ந்துவிடும். கூலன்ட்டை மெதுவாக ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். லோடு ஏற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் வண்டியை ஒப்படைக்காதீர்கள்.

வடித்த கூலன்ட்டை எங்கே கொட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது இனிக்கும், தெருநாயும் மாடும் குடிக்கும், குடித்தால் சிறுநீரகம் போய்ச் சாகும். சாக்கடையில் ஊற்றினால் கடைசியில் நொய்யல் ஆற்றுக்குத்தான் போய்ச் சேரும். கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் மட்டும்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் ஹெல்ப்பராக இருந்தாலும் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஏன் போனது?

இந்தப் பகுதியில் நான் கண்ட முதல் காரணம் தண்ணீர். பல்லடம், அவிநாசி, திருச்செங்கோட்டுப் பக்கம் போரில் வருவது உப்புத் தண்ணி. கூலன்ட் விலை அதிகம் என்று அதை ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். பாத்திரத்தில் படிவது போலவே கூலர் தகட்டிலும் காரை படிகிறது. காரை படிந்த இடத்தில் சூடு இறங்காது, தகடு அரிக்கும், ஒரு நாள் ஓட்டை விழும். "நான் சிறுவாணித் தண்ணிதானுங்க ஊத்தறேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். சிறுவாணி குடிக்க அருமையான தண்ணீர். ஆனால் அதில் துருவைத் தடுக்கும் மருந்து இல்லை. கொதிநிலையை உயர்த்தும் கிளைக்காலும் இல்லை. இன்ஜினுக்கு வேண்டியது கம்பெனி சொன்ன கூலன்ட், சொன்ன விகிதத்தில், தாது நீக்கிய தண்ணீரோடு.

ஓட்டை விழாமலும் கூலர் சாகும், உள்ளே அடைத்துக்கொண்டு. அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரை ஃபோர்டு கனரக பிக்கப்களில் வந்த 6.0 லிட்டர் டீசல் இன்ஜினில் இது பெரிய தலைவலி. கூலரின் தண்ணீர் வழி கசடால் அடைத்து, அதைத் தாண்டிப் போக வேண்டிய தண்ணீர் குறைந்து, அடுத்து இருக்கும், புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர் வெடித்தது. அங்குள்ள மெக்கானிக்குகள் ஒரு எளிய சோதனை கண்டார்கள்: சீரான வேகத்தில் ஓடும்போது ஆயில் சூட்டையும் கூலன்ட் சூட்டையும் ஒப்பிடுவது. அந்த இன்ஜினில் ஆயில் சுமார் 8 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடுதலாக இருந்தால் கூலர் அடைத்திருக்கிறது. அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், யோசனை மாறாது. நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதிப்படியான வண்டிகள் வந்துவிட்டன. சென்சார்களைப் படிக்க ஸ்கேனர் இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாத மெக்கானிக்குக்கு இனி வேலை சுருங்கும்.

ஓனரிடம் பேசுவது

"ஏனுங்ணா, கடைசியா தண்ணி எங்க ஊத்துனீங்க? ஹீட் முள்ளு எந்த மேட்டுல ஏறுச்சுங்க?" என்று கேட்டுத் தொடங்குங்கள். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். லாரி ஓனருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதற்றத்தை மதியுங்கள். ஆனால் கூலன்ட் வழியைக் கழுவும் ஃப்ளஷ் செலவைக் குறைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூலர், கேஸ்கட், ஆயில் இரண்டு முறை, பில்டர், கூலன்ட், ஹோஸ், கூலி எல்லாவற்றையும் முன்பே தாளில் எழுதிக் காட்டுங்கள். பழைய பாகத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஒரு நோட்டு வைத்து வண்டி எண், கிலோமீட்டர், கண்ட குறை, செய்த வேலை, தேதி என்று எழுதிவாருங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு பட்டறைக்கோ கம்பெனி சர்வீஸ் சென்டருக்கோ போகும்போது எந்தச் சான்றிதழையும்விட அந்த நோட்டு உங்களுக்காக அதிகம் பேசும்.

உள்ளே நுழையும் வழி

பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கலாம், ஓராண்டு. மோட்டார் வாகன மெக்கானிக் என்றால் இரண்டாண்டு. நேரமும் வீட்டு நிலைமையும் இடம் கொடுத்தால் இரண்டாண்டுப் படிப்பையே எடுங்கள். மின்சாரமும் பிரேக்கும் சேர்ந்து வரும். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவருக்கு மாதம் ரூ.1,000 தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கியது, ஐ.டி.ஐ. படிப்போருக்கும் அது உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண். பெண் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குத் தயங்க வேண்டியதில்லை. கூலர் வேலை பலத்தைவிடப் பொறுமையைத்தான் கேட்கிறது.

படிப்பு முடிந்ததும் நேராகச் சம்பளத்துக்குப் போகாமல் அப்ரெண்டிஸ் பயிற்சி முடித்துத் தேசியச் சான்றிதழ் வாங்குங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகமும் வாகனக் கம்பெனிகளும் அப்ரெண்டிஸ்களை எடுக்கின்றன. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஒரே மாதிரி இன்ஜின் பத்துப் பதினைந்து வரிசையில் நிற்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கை பழகும். தனியார் பட்டறையில் ஒவ்வொரு நாளும் வேறு வண்டி, கண் பழகும். இரண்டும் வேண்டும். முதலில் பணிமனை, பிறகு பட்டறை என்பது என் கணக்கு.

ஊர் ஊராகப் போகத் தயாரானவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். போர் போடும் ரிக்கோடு கம்ப்ரஸரை ஓட்ட ஒரு பெரிய இன்ஜின் வரும். அது நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் முழு லோடில் ஓடும். ஓடும் லாரிக்குக் கிடைக்கும் எதிர்க்காற்று அதற்கு இல்லை. அங்கே ஆயில் சூட்டைக் காப்பாற்றத் தெரிந்தவரை வடநாடு வரை கூடவே அழைத்துப் போவார்கள்.

அந்த டீ நிறத் தண்ணீர் லாரிக்கு வருவோம். வேலை முடிந்து போன பிறகு ஒரு வாரம் கழித்து ஓனருக்கு நீங்களே போன் செய்யுங்கள். வண்டியை ஒரு நாள் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நீங்கள் போங்கள். ஆறிய இன்ஜினின் ரேடியேட்டர் மூடியை உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள், டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். இரண்டும் தெளிவாக இருந்தால் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.